தாத்தாவின் வட்டச் சூளையை எடுத்துக் கட்ட முடியுமா?

வில்லுக்குறிக்காரன் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீடு குமரி மாவட்டத்தில், வில்லுக்குறிக்குப் பக்கத்தில். வீட்டின் பின்புறம், கிணற்றுக்கும் அயனி மரத்துக்கும் நடுவில் தாத்தாவின் சூளை ஒன்று நிற்கிறது. தாத்தா பானை வனைந்தவர். நான் மூன்றாம் வகுப்புப் படிக்கும்போது அவர் கடைசியாகத் தீ வைத்தது நினைவிருக்கிறது. கிணற்றடியில் நின்று பார்க்கச் சொன்னார், கிட்டே வர விடவில்லை. அதற்குப் பிறகு அதில் புகை எழும்பவே இல்லை. அப்பா வேறு வேலைக்குப் போய்விட்டார்.

இப்போது அப்பா அந்த இடத்தில் கார் ஷெட் போட வேண்டும் என்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. மழை பெய்தால் சூளைக்குள் தண்ணீர் கட்டி நிற்கிறது, பாம்பு வருகிறது, வீட்டில் அக்காவின் பிள்ளைகள் ஓடி விளையாடுகிறார்கள். எனக்குத்தான் மனசு வரவில்லை.

போன வாரம் லீவில் வந்தபோது செடிகொடியை வெட்டிவிட்டு உள்ளே இறங்கிப் பார்த்தேன். வட்டமான சுவர், வெளி அகலம் எட்டடி இருக்கும். நிற்கிற சுவர் நாலடி உயரம். மேற்குப் பக்கம் மட்டும் சரிந்து கிடக்கிறது. தரையில் மண் மூடியிருந்தது. மண்வெட்டியால் வழித்தபோது ஓட்டைகள் தெரிந்தன, சிலவற்றில் கைமுட்டி நுழையும். கிழக்குப் பக்கம் அடுப்பு வாய் மாதிரி ஒன்று தரைக்குக் கீழே போகிறது. டார்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே நடுவில் தூண் போல ஒன்று. அந்த வாயின் உட்பக்கச் செங்கல்கள் பாட்டில் உருகி வழிந்தது போலப் பச்சையும் கறுப்புமாகப் பளபளவென்று இருக்கின்றன. ஆணியால் கீறினால்கூடக் கீறல் விழவில்லை. சுவரைச் சுற்றி வெளியே இடுப்பளவுக்கு மண் குவிந்து கிடக்கிறது, காலகாலமாகக் கொட்டிய குப்பையாக இருக்கலாம். வாய்க்குப் பக்கத்துச் செங்கல் ஒன்றில், சுடுவதற்கு முன்பே கீறியது போல 1118 என்று எழுதியிருக்கிறது.

இதை எப்படிக் கட்டினார்கள்? இந்தப் பச்சைக் கண்ணாடி எங்கிருந்து வந்தது? 1118 என்பது செங்கல் கணக்கா? கொத்தனாரைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டினேன். நாலு மூட்டை சிமெண்ட் வாங்கித் தாருங்கள், சுவரை எழுப்பி உள்ளே பூசித் தருகிறேன், நூறு வருஷம் நிற்கும் என்றார். சரி என்று சொல்வதற்கு முன்னால், தெரிந்தவர்களிடம் கேட்டுவிடலாம் என்று இங்கே எழுதுகிறேன்.

சுங்கான்கடை அக்கா எழுதியது:

தம்பி, சிமெண்ட் வேண்டாம் என்று கொத்தனாரிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். மற்றதைப் பிறகு பேசுவோம்.

நான் சுங்கான்கடையில் குயவர் வீட்டில் பிறந்தவள். அப்பா சக்கரத்தில் வனைவார். வனைந்தது அரை ஈரமாக இருக்கும்போது உள்ளே கல்லைக் கொடுத்து வெளியே பலகையால் தட்டி அடிப்பாகத்தை உருட்டி எடுப்பது அம்மாவின் வேலை. சூளை அடுக்குவதற்கும் தீ பார்ப்பதற்கும் 13 வயதிலிருந்து நான் அப்பாவோடு நின்றேன். இப்போது எனக்கு 54.

நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்குப் பட்டது அந்த மண்குவியல்தான். அது குப்பை இல்லை தம்பி, அணை. உங்கள் தாத்தாவோ அவருக்கு முந்தினவரோ வேண்டுமென்றே போட்டது. செங்கல் சூடேறினால் விரியும், ஆறினால் சுருங்கும். ஒவ்வொரு தடவை சுடும்போதும் சுவர் ஒரு நூல் அளவு வெளியே தள்ளிப் பிறகு உள்ளே வரும். பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லாமல் வெறும் சுவராக நின்றால் கொஞ்ச நாளில் மேலிருந்து கீழாக வாய் பிளந்துவிடும். மண்ணை அணைத்துக் கட்டினால் சுவரும் நிற்கும், சூடும் வெளியே போகாது. மேற்குப் பக்கம் மட்டும் ஏன் சரிந்தது என்று பாருங்கள். அந்தப் பக்கத்து அணையை யாராவது வெட்டி எடுத்திருப்பார்கள், இல்லையென்றால் அயனி வேர் புகுந்திருக்கும்.

இனி கட்டிய விதம். முதலில் தரையில் வட்டம் போட்டு இரண்டு, இரண்டரை அடி ஆழத்துக்குக் குழி எடுப்பார்கள். அதுதான் தீ எரியும் இடம். குழிக்கு நடுவில் நீங்கள் பார்த்த தூண். தூணிலிருந்து சுற்றுச்சுவருக்கு வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால் போலச் செங்கல் வளைவுகள் போகும். அந்த வளைவுகளின் மேல் செங்கல் துண்டையும் மண்ணையும் வைத்துத் தளம் போட்டு, இடையிடையே ஓட்டை விடுவார்கள். எங்கள் வீட்டில் அதைக் கண் என்போம். தளத்துக்கு மேலே பானை அடுக்கும் அறை. அந்த அறைக்கு நிலையான மூடி கிடையாது. ஒவ்வொரு தடவையும் பானைகளை அடுக்கி முடித்த பிறகுதான் அதற்கு மூடி உண்டாகிறது, அதைப் பின்னால் சொல்கிறேன்.

கண்களைக் கவனித்துப் பாருங்கள். தூணுக்குப் பக்கத்தில் இருப்பவை சின்னதாகவும் சுவரோரம் இருப்பவை பெரிதாகவும் இருந்தால், கட்டியவருக்குத் தொழில் நன்றாகத் தெரியும் என்று அர்த்தம். தீ எப்போதும் நடுவில்தான் ஏறப் பார்க்கும். சுவரோரம் சூடு குறைந்து பானை வேகாமல் நிற்கும். அதனால் நடுவில் வழியைச் சுருக்கி ஓரத்தில் அகலமாக விட வேண்டும். அப்பா ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும் சூளைக்குள் இறங்கி ஒவ்வொரு கண்ணிலும் கையை விட்டுத் துழாவுவார். இது கொஞ்சம் அடைத்திருக்கிறது, இது பெரிதாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டே களிமண்ணை விரலால் தடவிச் சரிசெய்வார். மண்வெட்டி தளத்தில் பட விடமாட்டார். நீங்களும் இனி மண்வெட்டியால் வழிக்காதீர்கள், கையால் எடுங்கள்.

வாய் கிழக்கே இருப்பதும் யோசித்துச் செய்ததுதான். ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகப் போகிற மேல்காற்று நம் பக்கமும் சுழற்றியடிக்கும். வாய் மேற்கே இருந்தால் காற்று நேராகப் புகுந்து தீயை ஒரு பக்கமாகத் தள்ளிவிடும். ஒரு பக்கத்துப் பானை கருகும், மறுபக்கம் பச்சையாக நிற்கும்.

சுவருக்குச் சாந்து என்ன என்று கேட்டால், மண்தான். களிமண், மணல், கொஞ்சம் உமி, மூன்றையும் மிதித்துப் புளிக்க வைத்தது. செங்கலும் மண், சாந்தும் மண். சூட்டில் இரண்டும் ஒன்றாக விரியும், ஒன்றாகச் சுருங்கும். உமி எரிந்துபோன இடத்தில் பொடிப்பொடி ஓட்டை விழும், அது சூட்டைத் தடுக்கும். ஒரு வருடம் ஓடிய பிறகு சாந்து அங்கங்கே உதிரும். உதிர்ந்தால் மறுபடி பூச வேண்டியதுதான். சாந்து அப்படி விட்டுக்கொடுப்பதால்தான் சுவர் பிழைக்கிறது.

சிமெண்டைப் பற்றிச் சொல்கிறேன். பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன்னால் ஒரு பயிற்சிக் கூடத்தில் எங்களுக்கெல்லாம் காட்டுவதற்கென்று புதிதாகச் சூளை கட்டினார்கள். பார்க்க அழகாக இருந்தது, உள்ளேயும் வெளியேயும் சிமெண்ட் பூச்சு. எங்களில் மூன்று பேர் வேண்டாம் என்று சொன்னோம். படித்தவர்கள் வரைந்து கொடுத்த படம், மாற்ற முடியாது என்றார்கள். இரண்டாவது தடவை சுட்டபோதே உள்பூச்சு பாளம் பாளமாகப் பெயர்ந்து பானைகளின் மேல் விழுந்தது. மழைக்காலம் முடிந்து போய்ப் பார்த்தபோது மூட்டுகளில் இருந்த சிமெண்டை விரலால் தொட்டாலே மாவாகக் கொட்டியது. நல்ல செங்கல், நல்ல இடம், அரசுப் பணம், எல்லாம் வீணாகப் போனது. அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

இனித் தீ. உங்கள் தாத்தா உங்களைக் கிணற்றடியில் நிறுத்தியது ஏன் என்று இதைப் படித்தால் தெரியும்.

பெரிய பானைகள் அடியில், கவிழ்த்து. பாரம் தாங்குவது அவைதான். அதற்கு மேல் சட்டிகள், இடுக்குகளில் கலயம், மூடி, எல்லாவற்றுக்கும் மேலே கிளியாஞ்சட்டி, அதாவது அகல் விளக்கு. ஒன்றுக்கொன்று உரசாமல், ஆனால் நடுவில் பெரிய சந்தும் விழாமல் அடுக்க வேண்டும். மேலே உடைந்த ஓடுகளைச் செதில் செதிலாகப் பரப்பி, அதன்மேல் வைக்கோல் போட்டு, குழைத்த மண்ணால் மெழுகுவோம். மெழுகும்போது அஞ்சாறு இடத்தில் புகைக்கு வழி விடுவோம். அந்த மெழுகுதான் சூளைக்கு மூடி. பிரிக்கும்போது உடைத்து எடுத்துவிடுவோம்.

சாயங்காலம் வாயில் நாலு கதம்பையை, அதாவது தேங்காய் மட்டையை, போட்டுப் புகைய விடுவோம். தீ எரியக் கூடாது, கனன்று புகைந்தால் போதும். வெயிலில் எவ்வளவு காய்ந்த பானையாக இருந்தாலும் மண்ணுக்குள்ளே ஈரம் இருக்கும். அது மெதுவாக வெளியே வர வேண்டும். மேலே புகை வழியில் வெள்ளையாக, கனமாக ஆவி வரும். ஒரு இரும்புக் கம்பியை அந்த வழியில் இரண்டு நொடி காட்டி எடுத்தால் கம்பி வியர்த்திருக்கும். கம்பி வியர்க்கிற வரைக்கும் தீயைக் கூட்டக் கூடாது. நள்ளிரவு வரைக்கும்கூட வியர்க்கும். அப்பா அந்த நேரம் பேசவே மாட்டார்.

எனக்கு 19 வயதில் அப்பாவுக்குக் காய்ச்சல். கார்த்திகைக்கு ஆள் வந்து நிற்கிறார்கள், மழையும் விட்டுவிட்டுப் பெய்கிறது. நானே தீ வைத்தேன். இரவு பத்து மணிக்குக் கம்பியில் ஒரு தடவை வியர்வை குறைந்தது போலத் தெரிந்தது. மறுபடி பார்க்காமல் ரப்பர் மர விறகைத் தள்ளிவிட்டேன். கால் மணி நேரம்தான். உள்ளே டொப், டொப் என்று சத்தம். முதலில் ஒன்று, பிறகு தொடர்ந்து. அப்பா போர்வையோடு திண்ணையில் எழுந்து உட்கார்ந்தார், ஒன்றும் சொல்லவில்லை. பிரித்தபோது அடிவரிசை முழுக்கச் சில்லு. பெரிய பானை 40, அதன்மேல் நின்றவை சரிந்ததில் சட்டி 100க்கு மேல். அந்தச் சத்தம் காதை விட்டுப் போகவில்லை. அதற்குப் பிறகு நான் கம்பியை மூன்று தடவை பார்க்காமல் விறகு வைத்ததே இல்லை.

ஈரம் போன பிறகு தீயைக் கூட்டலாம். பானைகள் முதலில் கரி பிடித்துக் கறுக்கும். தீ ஏற ஏற அந்தக் கரியே எரிந்துபோய், பானை உள்ளேயிருந்து சிவக்க ஆரம்பிக்கும். புகை வழியில் கண் வைத்துப் பார்த்தால் முதலில் மங்கிய சிவப்பு, பிறகு பழுத்த மிளகாய் நிறம், அதற்குப் பிறகு லேசாக மஞ்சள் கலந்து வரும். அந்த மஞ்சள் கடைசி வரிசைக்கும் வந்துவிட்டால் வாயைச் செங்கல் வைத்து மண் பூசி அடைத்துவிடுவோம். அடைத்த பிறகு ஒரு பகல், ஒரு இரவு தொடக் கூடாது. அவசரப்பட்டுத் திறந்தால் குளிர்காற்று பட்டுப் பானையில் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும். சுண்டிப் பார்த்தால் கணீரென்று வராமல் பொத்தென்று வரும்.

அந்தப் பச்சைக் கண்ணாடி எங்கள் சூளை வாயிலும் இருந்தது. கதம்பை எரித்த வருடங்களில்தான் அது கூடும். ரப்பர் விறகு மட்டும் போட்ட வருடங்களில் அவ்வளவு படியாது. அதைக் கொத்தி எடுக்காதீர்கள். செங்கலுக்கு அது கவசம்.

தோவாளை ஆசிரியர் எழுதியது:

சுங்கான்கடை அம்மா எழுதியதைப் படித்து மகிழ்ந்தேன். முப்பது வருடம் பள்ளியில் வேதியியல் சொல்லிக் கொடுத்தவன் என்பதால், அவர் கண்ணால் கண்டதற்குக் காரணத்தைச் சேர்க்கிறேன்.

கதம்பைச் சாம்பலில் பொட்டாசியம் மிகுதி. அந்தச் சாம்பல் தீயோடு பறந்து செங்கலில் ஒட்டும்போது, செங்கலில் உள்ள மணலோடு சேர்ந்து உருகிக் கண்ணாடியாகிறது. தனி மணல் உருக 1,700 பாகை செல்சியஸுக்கு மேல் வேண்டும். பொட்டாசியம் சேர்ந்தால் அதில் பாதிச் சூடு போதும். பச்சை நிறம் செங்கலில் உள்ள இரும்பினால் வருவது. வாய்ப் பகுதியில் புகை அதிகம், காற்று குறைவு. அந்த நிலையில் இரும்பு சிவப்புக்குப் பதிலாகப் பச்சையும் கறுப்பும் தரும். பானையைக் கறுப்பாக்க, கடைசியில் வாயையும் புகை வழியையும் அடைத்துப் புகையை உள்ளேயே நிறுத்துவார்கள். அதிலும் இந்த வேதியியலுக்குப் பங்கு உண்டு, அதோடு புகைக் கரியும் பானையில் படியும்.

சிமெண்ட் விஷயம். இறுகிய சிமெண்டில் சுண்ணாம்பு ஒரு பங்கு இருக்கிறது. 400, 500 பாகைச் சூட்டில் அது தன்னிடம் உள்ள நீரை இழந்து சுட்ட சுண்ணாம்பாகிறது. சூளை ஆறிய பிறகு மழைக்காலத்து ஈரத்தைக் குடித்து மறுபடி நீற்றுச் சுண்ணாம்பாகும்போது ஊதிப் பெருத்து உதிர்கிறது. அம்மா விரலால் தொட்டபோது கொட்டிய மாவு இதுதான். நம் சூளைகள் 700 முதல் 900 பாகை வரை போகும் என்பதால் சிமெண்டுக்கு அங்கே இடமே இல்லை.

ஆறும்போது விழும் கீறலுக்கும் காரணம் உண்டு. களிமண்ணில் கலந்த மணல் 573 பாகையில் சட்டென்று சுருங்கும். அந்த இடத்தை மெதுவாகக் கடக்க வேண்டும்.

1118 என்பது செங்கல் கணக்காக இருக்க வாய்ப்பு குறைவு தம்பி. அது கொல்லம் ஆண்டாக, அதாவது மலையாள ஆண்டாக இருக்கலாம். நம் மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடும் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்தது. வீட்டுப் பழைய ஆதாரங்களை, அதாவது பத்திரங்களை, எடுத்துப் பாருங்கள், ஆண்டெல்லாம் கொல்லத்தில்தான் இருக்கும். கொல்லம் 1118 என்றால் 1942 ஆகஸ்ட் முதல் 1943 ஆகஸ்ட் வரை. ஆதாரத்தில் உங்கள் தாத்தாவின் தகப்பனார் பெயர் எந்த ஆண்டில் வருகிறது என்று பார்த்தால் யார் கட்டியது என்பதும் தெளியும்.

சூளையின் அமைப்பு அதைவிட எத்தனையோ மடங்கு பழையது. அடியில் தீ, நடுவில் தூண், மேலே ஓட்டைத் தளம் என்ற இதே வகைச் சூளைகள் சிந்துவெளியில் ஹரப்பாவில் கிடைத்திருக்கின்றன. பக்கத்தில் ஆதிச்சநல்லூரில் 2004, 2005 அகழாய்வில் ஈமத்தாழிகளோடு, மக்கள் வாழ்ந்த பகுதியில் குயவர் சூளைகளின் மிச்சமும் வெளிவந்தது. புறநானூற்றின் 228ஆம் பாட்டு, சோழன் கிள்ளிவளவன் இறந்தபோது ஐயூர் முடவனார் ஒரு குயவரைப் பார்த்துப் பாடியது. அதில் இருளைத் திரட்டியது போன்ற கரும்புகை சூளையிலிருந்து வானத்துக்கு எழுகிறது. சூளை என்ற சொல்லே அதில் அப்படியே இருக்கிறது. ஒரே சொல்லை அவரும் சொன்னார், உங்கள் தாத்தாவும் சொன்னார். வகுப்பில் அந்தப் பாட்டு வரும்போதெல்லாம் பிள்ளைகளைச் சுங்கான்கடைக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லித் தமிழாசிரியரிடம் கேட்பேன். இரண்டு தடவை போனோம்.

ஆனால் ஒன்று. தமிழ்நாட்டில் பல ஊர்களில் நிலையான சுவரே இல்லாமல், பானையையும் வைக்கோலையும் மாறி மாறி அடுக்கி, மேலே மண்ணை மெழுகிச் சுடுகிறார்கள். அந்த முறையில் ஒவ்வொரு தடவையும் சூளை புதிது. உங்கள் வீட்டில் இருப்பது போலத் தூணும் தளமும் வைத்துக் கட்டியது குறைவு. அதனாலும் இதை விட்டுவிடக் கூடாது.

செங்கல்காரன் எழுதியது:

மக்கா, ஒரே ஒரு விஷயம். சுவர் எழுப்ப, பெரிய தொழிற்சூளையில் சுட்ட சேம்பர் செங்கல் வாங்கிவிடாதே. அது அளவு ஒன்று, பழைய செங்கல் அளவு வேறு. வரிசை சேராது, மூட்டு தடிக்கும். பழைய ஓட்டு வீடு இடிக்கிற இடத்தில் நாட்டுச் செங்கல் கிடைக்கும். மண்சாந்தில் கட்டிய வீடாகப் பார்த்து எடு, சுத்தியலால் லேசாகத் தட்டினாலே சாந்து உதிர்ந்துவிடும். சுண்ணாம்புச் சாந்து ஒட்டிய செங்கலைச் சூளைக்குள் வைக்காதே, சார் சொன்ன அதே கதைதான் ஆகும். ஒரு செங்கலை இரண்டாக உடைத்து நடுவைப் பார். நடு கறுப்பாக இருந்தால் வேகாதது, அதை வெளி அணைப்பக்கம் வைத்துக்கொள்ளலாம். உள்முகத்துக்கு நடுவரை சிவந்தது மட்டும்.

வில்லுக்குறிக்காரன் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. அக்கா, நீங்கள் எழுதியதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். கம்பி வியர்க்கிற இடம் வந்ததும் வாசிப்பதை நிறுத்தச் சொல்லிவிட்டு உள்ளே போனார். மேல்தட்டிலிருந்து ஒரு கம்பியை எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தார். நுனி வளைந்து, கைப்பிடியில் துணி சுற்றியது. தாத்தாவுடையதாம். இவ்வளவு காலம் அதைத் தேங்காய் பறிக்கிற கொக்கி என்று நினைத்திருந்தேன்.

கையால் மண்ணை அள்ளித் தளத்தைச் சுத்தம் செய்தேன். கண்கள் 21. நடுவில் இருப்பவற்றில் மூன்று விரல் போகும், ஓரத்தில் கைமுட்டி போகும், நீங்கள் சொன்னபடியே. மேற்கில் ஐந்து கண்கள் உடைந்து ஒன்றாகிவிட்டன. அயனி வேர் என் தொடை மொத்தத்துக்கு அதன் வழியே போயிருக்கிறது.

சார், ஆதாரத்தில் கொல்லம் 1109இல் பூட்டன் பெயர் இருக்கிறது. அப்படியென்றால் கட்டியது அவர்தான்.

அப்பா இடிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் தண்ணீரும் பாம்பும் என்ன செய்வது என்று அக்காவிடம் கேள் என்றார். மண்ணும் இப்போது எங்கே கிடைக்கும் அக்கா? தாத்தா குளத்து மண்தான் எடுத்தார் என்கிறார்.

சுங்கான்கடை அக்கா எழுதியது:

தம்பி, அந்தக் கம்பியைத் துடைத்து எண்ணெய் தடவி வையுங்கள், வேலைக்கு வேண்டும்.

தண்ணீர் கட்டுவது சூளையின் குறை இல்லை. எங்கள் பக்கத்துச் சூளைகளுக்கு மேலே உயரமாக ஓட்டுக் கொட்டகை இருக்கும், உங்கள் வீட்டில் அது விழுந்திருக்கும். சுற்றிலும் பாருங்கள், மண்ணுக்குள் நாலு கல் கால் மிஞ்சியிருக்கலாம். அப்பா கார் ஷெட் போடட்டும், நல்ல யோசனைதான். அதே கூரையைப் பத்தடி கிழக்கே நீட்டிச் சூளையையும் உள்ளே கொண்டுவரச் சொல்லுங்கள். சூளைக்கு மேலே பன்னிரண்டு அடி உயரம் வேண்டும், தகரமோ ஓடோ போதும், ஓலை ஆகாது. தீ வைக்கிற அன்றைக்குக் காரைத் தெருவில் விட்டால் சரி. வாய்க்கு முன்னால் ஒரு சாண் அகலத்தில் கிணற்றுப் பக்கம் சரிவு இல்லாத திசையாகப் பார்த்து ஓடை வெட்டுங்கள். தண்ணீர் நிற்காவிட்டால் தவளை வராது, தவளை வராவிட்டால் பாம்பு வருவதும் குறையும். சூளை வேலை இல்லாத நாளில் வாயைச் செங்கல் வைத்து மூடிவிடுங்கள்.

அயனி மரத்தை வெட்ட வேண்டாம். சூளைக்குள் இருக்கிற வேரை மட்டும் அறுத்து எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு அடி அகலத்துக்குத் தோண்டிப் பாறைச் சல்லி போட்டு அடைத்தால் வேர் மறுபடி அந்தப் பக்கம் வர நாளாகும்.

மண்ணுக்குக் குளம்தான். 2024இல் விதி மாற்றியதிலிருந்து மண்பாண்டத் தொழிலுக்குக் குளத்து மண் எடுக்கத் தாசில்தார் அளவிலேயே இலவச அனுமதி உண்டு. அதற்கு முன்னால் ஒரு வண்டி மண்ணுக்கு நாங்கள் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கிய காலம் உண்டு, ஒரு வருடம் பொங்கல் பானையே போடாமல் விட்டோம். கோடையில் குளம் வற்றும்போது மேல்மண்ணை ஒரு முழம் விலக்கிவிட்டு அதற்குக் கீழே எடுங்கள். எடுத்ததும் கையில் பிசைந்து பாருங்கள், விரல் தடிமனுக்குத் திரித்து மோதிரமாக வளைத்தால் விரியக் கூடாது. நத்தைக் கூடும் சிப்பியும் ஒரு பொட்டுகூட இருக்கக் கூடாது. எங்கள் பக்கத்துக் குளங்களில் அது நிறைய. சுட்டு எடுத்த பானை அன்றைக்கு நன்றாகத்தான் இருக்கும், பத்து நாள் கழித்து அந்தப் பொட்டு ஈரம் குடித்து ஊதி, பானையில் காசு அளவுக்குப் பொரிந்து விழும். மண்ணைக் கரைத்து வடிகட்டித்தான் ஆக வேண்டும்.

சுவர் கட்டி முடித்ததும் உடனே பானை அடுக்கிவிடாதீர்கள். முதல் தீ வெறும் சூளைக்கு. புதுச் சாந்தில் இருக்கிற ஈரம் போக ஒரு இரவு முழுக்கக் கதம்பைப் புகை மட்டும் போடுங்கள். மேலே உடைந்த ஓடு மட்டும் பரப்பினால் போதும். காலையில் சுவரில் மயிரிழைக் கீறல் தெரியும், பயப்பட வேண்டாம், மண்ணைக் கரைத்துத் துணியால் தேய்த்துவிடுங்கள். இரண்டாவது தீக்கு உடைந்தாலும் கவலைப்படாத சின்னச் சட்டியாக ஒரு இருபது. மூன்றாவதில்தான் பானை.

மாசி, பங்குனி நல்ல நேரம். மழை இல்லை, மேல்காற்றும் தொடங்கியிருக்காது. மாசியில்தான் மண்டைக்காட்டு அம்மன் கோயில் கொடையும் திருவனந்தபுரம் ஆற்றுகால் பொங்காலைத் திருவிழாவும் வரும், எங்கள் வீட்டில் ராப்பகலாக வேலை நடக்கும். இருந்தாலும் முதல் தீ வைக்கிற அன்றைக்கு நான் வருகிறேன். பஸ்ஸில் கால் மணி நேரம்தானே. அப்பாவையும் அன்றைக்கு வேலைக்கு லீவு போடச் சொல்லுங்கள், கம்பியை அவர் பிடிக்கட்டும். சின்ன வயதில் தகப்பனார் பக்கத்தில் நின்று அவர் பார்த்திருப்பார்.

அதுவரைக்கும் மேற்குப் பக்கத்தில் சரிந்த செங்கல்களைத் தூக்கி எறியாமல், விழுந்த வரிசையிலேயே ஓரமாக அடுக்கி ஓலை போட்டு மூடி வையுங்கள். உள்முகம் எது, வெளிமுகம் எது என்று கரி பிடித்ததைப் பார்த்தால் தெரியும். 1118 எழுதிய செங்கல் வாயின் எந்தப் பக்கத்தில், எத்தனையாவது வரிசையில் இருக்கிறது என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.